கோட்டையைத் தாண்டி வந்த பிறகு

ஆமிஷ் பற்றி ஒரு எபிசோட் கேட்டிருந்தீங்க. குதிரை வண்டி, கரண்ட் லைன் இழுக்காத வீடு எல்லாம் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. எனக்கு அங்கிருந்து வெளியே வந்தவங்க கதைதான் முக்கியமாப் பட்டுச்சு.

ஆமிஷ் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போட முடிஞ்சிடும். அதுக்கு மேல படிக்க வைக்கணும்னு அரசு கட்டாயப்படுத்த முடியாதுன்னு 1972-ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. நீதிபதி டக்ளஸ் மட்டும், இதுல பிள்ளைகளோட விருப்பத்தையும் கேட்க வேண்டாமான்னு கேட்டார். எனக்கு அவர் கட்சிதான். எட்டாவதோட வெளியே வர்றவங்களுக்கு எந்த ஹெச்.ஆர். இன்டர்வியூ கொடுப்பாங்க?

சலோமா மில்லர் ஃபர்லாங் ஒஹாயோவில் ஆமிஷ் வீட்டுல பிறந்தவங்க. இருபது வயசுல வெளியேறினாங்க, திரும்பக் கூட்டிட்டுப் போனாங்க, மறுபடியும் வெளியேறினாங்க. 2007-ல, ஐம்பது வயசை ஒட்டி, ஸ்மித் கல்லூரியில் பட்டம் வாங்கினாங்க. எடுத்த பாடம் ஜெர்மன். ஆமிஷ் வீடுகள்ல பேசுற பென்சில்வேனியா டச்சு, பேர்லதான் டச்சு. அது ஜெர்மனோட ஒரு கிளை. விட்டுட்டு வந்த வீட்டோட மொழிக்கே திரும்பிப் போயிருக்காங்க!

நான் ரிஷிவந்தியத்துக்காரன். லீவு கிடைச்சா பஸ் ஏறிடுவேன். தட்டுல இட்லி வைக்கும்போதே அம்மா, "ஏன்டா இளைச்சுட்ட?"ன்னு ஆரம்பிப்பாங்க. ஞானஸ்நானம் வாங்கின பிறகு ஆமிஷை விட்டுப் போனவங்களை ஒதுக்கி வைப்பாங்க. அவங்க வீட்டுக்கு வந்தா, பல இடங்கள்ல சாப்பாடு தனி மேசையிலதான். அதே வீடு, அதே அம்மா, மேசை மட்டும் வேற.

நம்ம ஊர்ல இதுக்குக் கிட்ட வர்ற கதை, தாமிரபரணிக் கரையில, ஸ்ரீவைகுண்டத்துல இருக்கு. மண் சுவர் கோட்டைக்குள்ள கோட்டைப் பிள்ளைமார்னு ஒரு சின்ன சமூகம் இருந்துச்சு. கல்யாணம் அவங்களுக்குள்ளேயே. அப்போ பெண்கள் கோட்டை வாசலைத் தாண்டினதில்லை. வெளி ஆண்கள் உள்ளே வரக் கூடாதுன்னு இருந்துச்சு. மானுடவியலாளர் கமலா கணேஷ் இவங்களைப் பற்றி எழுதின புத்தகம் 1993-ல வந்தது.

1970-கள்ல குடும்பங்கள் கோட்டையைக் காலி பண்ணிட்டு வெளியூர் போக ஆரம்பிச்சாங்க. வித்தியாசம் இங்கதான். ஆமிஷ்ல ஒருத்தர் கிளம்புவார், ஊர் அப்படியே இருக்கும். தனி மேசையா இருந்தாலும் ஒரு மேசை இருக்கு. இங்க ஊரே கலைஞ்சிடுச்சு, திரும்பிப் போக இடமே இல்லை. நாற்பது வயசு வரைக்கும் ஒரு தெருவைக்கூடத் தனியா கடக்காத அம்மா ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறதை யோசிச்சுப் பாருங்க. விடுதலைன்னு நான் சுலபமாச் சொல்லிடுவேன். அவங்க கால் நகரணுமே!

உங்க சொந்தத்துல அந்தக் கோட்டைக்குள்ள வளர்ந்த பாட்டி யாராவது இருந்தா, அவங்க சம்மதத்தோட ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. என்கிட்ட ஒரே கேள்விதான்: முதல் தடவை பஸ் ஏறினப்போ ஜன்னல் சீட்டுல உட்கார்ந்தீங்களா பாட்டி, இல்ல, உள்பக்கமா?