பூக்கும் காலமும் பூந்தோட்டமும்

குளிர்நாடுகளில் இளவேனிலிலே மலர்கள் விரிவதையும், இலையுதிர் காலத்திலே மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் கொள்வதையும் படங்களிற் கண்டவர்கள், இலங்கையில் அத்தகைய பருவ அழகு இல்லையே என்று குறைப்படுவதுண்டு. அக் குறை பொருத்தமானதன்று. இங்கும் தாவரங்கள் காலம் அறிந்தே நிறம் காட்டுகின்றன. அங்கே காலத்தை அறிவிப்பவை குளிரும் வெப்பமும். இங்கே அறிவிப்பவை பெரும்பாலும் மழையும் வறட்சியுமாம். இவ் வேறுபாட்டை உணர்ந்தவர் சிறு வளவிலும் ஆண்டின் பெரும்பகுதியில் நிறம் காணலாம். உணராதவர் நாள்தோறும் நீர் ஊற்றியும் வெறும் இலையையே காண்பர்.

வட, கிழக்கு மாகாணங்களில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே ஆண்டின் பெருமழை. தை மாதத்தில் மழை ஓய்ந்து நிலம் காயத் தொடங்கும். அப்பொழுது பல மரங்கள் இலையை உதிர்க்கின்றன. இலை வழியாக ஆவியாய்ப் போகும் நீரைக் காத்துக்கொள்ளுவதற்கு இஃது ஒரு வழி. இலையுதிர்ந்த கொம்பிலே பூ விரியுமாயின் அதனை மறைப்பது ஒன்றுமில்லை. தேனை நாடும் பறவையும் வண்டும் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும். முள்முருக்கு மாசி, பங்குனியில் இலையின்றிச் செம்பூத் தாங்கி நிற்கும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கிளுவை அதே காலத்தில் இளஞ்சிவப்புப் பூங்கொத்துகளால் மூடப்பட்டிருக்கும். அவற்றைத் தொடர்ந்து, சித்திரை, வைகாசியிற் கொன்றை பொற்சரங்களைத் தொங்கவிடும். மடகாஸ்கார்த் தீவைத் தாயகமாகக் கொண்ட மே மலர் மரம் செங்குடை விரிக்கும். ஈர வலயத்திலே பூமருது அக் காலத்தில் ஊதாப் பூவோடு விளங்கும்.

முள்முருக்கும் சீமைக்கிளுவையும் யாழ்ப்பாணத்து வேலிகளிற் கதியாலாக நிற்பவை. திருமண வீட்டிற் கன்னிக்காலாக நாட்டப்படுவதும் முள்முருக்கே. இவ்வளவு பழகிய மரம் நிறையப் பூத்து நிற்பதைக் காணும் வாய்ப்போ குறைவு. ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் குழை வேண்டி அடிக்கடி தறிப்பதே அதற்குக் காரணம். இவை முற்றிய கொம்பிலேயே பூக்கும். மழையிலே தழைத்த கொம்பை மார்கழியில் தறித்துவிட்டால், மாசியிற் பூப்பதற்குக் கொம்பு ஏது? ஆட்டுக்குக் குழை வேண்டியதே. ஆயினும், பத்துக் கதியாலுக்கு ஒன்றைப் பங்குனி கழியும்வரை தறியாது விட்டால், ஆட்டுக்கும் குறைவில்லை, ஒழுங்கைக்கும் அழகுண்டு.

போகன்வில்லாவுக்கு வேண்டியது வேறொரு பொறுமை. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி ஒருவரின் பெயரைத் தாங்கிய இக் கொடி, பிரேசில் நாட்டுக்குரியது. இதிற் பூவென்று கண்டு மகிழப்படுவது உண்மையில் நிறம் ஏறிய பூவடியிலையாகும். மூன்று பூவடியிலைகளின் நடுவே சிறு குழாய்போல வெளிறி நிற்பதே பூ. நீர் மிகுந்தால் இக் கொடி நெடுந்தளிரும் இலையுமாக வளரும். ஓரளவு வாடினாற் பூக்கத் தொடங்கும். இலைகள் சற்றே துவளும்வரை நீரை நிறுத்துதல், முழு வெயிலில் வைத்தல், பூ ஓய்ந்தபின் கொம்புகளைக் கத்தரித்தல் ஆகிய மூன்றும் போதும். அன்பினால் அன்றாடம் நீர் வார்க்கும் கையே இங்குப் பூவுக்குப் பகையாகிறது.

மழையை எதிர்பார்த்திருக்கும் கொடியும் உண்டு. கார்த்திகைப்பூக் கொடி வறண்ட மாதங்களில் மண்ணின் மேல் இருந்த இடம் தெரியாது மறைந்து, கிழங்காக உறங்கும். மழை விழுந்ததும் முளைத்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியிற் படர்ந்து, கார்த்திகையிற் பூக்கும். இதழ்கள் முதலிற் பச்சையாயும், பின்னர் மஞ்சளாயும், முடிவிற் சிவப்பாயும் மாறும். உறங்கும் கிழங்குக்கு நீர் ஊற்றினால் அஃது அழுகிவிடும். அக் கிழங்கு கொடிய நஞ்சு; ஆதலாற் சிறுவர் கை படாத இடத்திலேயே அதனை வளர்த்தல் வேண்டும்.

மெக்சிக்கோ நாட்டுப் பொயின்செட்டியாவோ இரவின் நீளத்தை அளந்து நிறம் மாறுவது. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே உண்டு. மனிதர் பொருட்படுத்தாத அச் சிறு வேறுபாட்டை இச் செடி உணர்ந்து, இரவு நீண்டதும் நுனியிலைகளைச் சிவக்கச் செய்கிறது. ஒரே வளவில் இரண்டு செடி நட்டு, ஒன்று சிவக்க மற்றது பச்சையாகவே நின்றால், பசளையைக் குறைகூறுமுன், விறாந்தை விளக்கு இராமுழுதும் அதன்மேல் ஒளி வீசுகின்றதா என்று பார்த்தல் நன்று.

புதிதாக நடுவோர் இடத்தையும் எண்ணவேண்டும். மே மலரின் வேர் மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் பரவும். கொம்பும் சோளகக் காற்றில் எளிதில் முறியும். அதனைச் சுவருக்கும் கிணற்றுக்கும் அருகில் நடலாகாது. சிறு வளவுக்குக் கொன்றையே பொருந்தும். மழை தொடங்கும் ஐப்பசியில் நட்டால், வேர் ஊன்றுவதற்கு ஏறக்குறைய மூன்று மாத ஈரம் கிடைக்கும்.

வேலியில் முள்முருக்கு, முற்றத்திற் கொன்றை, வாயிலிற் போகன்வில்லா, ஒதுக்குப்புறத்திற் கார்த்திகைப்பூ, விளக்கொளி படாத மூலையிற் பொயின்செட்டியா என ஐந்தும் அமைந்த வளவிலே நிறமற்ற மாதங்கள் சிலவே. அவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எப்பொழுது நீர் ஊற்றாதிருப்பது, எப்பொழுது கத்தியை எடுக்காதிருப்பது என்று அறிந்த கை ஒன்று இருந்தாற் போதுமானது.