வாய் வழியா, நரம்பு வழியா?

மன்னார்குடியில் 22 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் மஞ்சப்பையிலிருந்து இரண்டு சாமான் எடுத்து கவுண்டரில் வைத்தார். ஒன்று, சிட்னியிலிருந்து மகன் அனுப்பிய பிளான்ட் ஸ்டெரால் டப்பா. இன்னொன்று, ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்.

“இது ஈரலுக்கு நல்லதுங்கிறான் மகன். கெடுதல்னு எங்கேயோ படிச்சேன்கிறா நாத்தனார் பொண்ணு. எது நிஜம் தம்பி?”

மத்தியான வேளை, கூட்டமில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

தாவர ஸ்டெரால் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. நல்லெண்ணெய், தவிட்டெண்ணெய், நிலக்கடலை, பருப்பு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. சாதாரணச் சாப்பாட்டிலேயே நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை சேரும். மாத்திரையாகச் சாப்பிடுவோர் எட்டப் பார்ப்பது சுமார் 2 கிராம். உருவத்தில் இது கொலஸ்ட்ராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. குடலில் இருவருக்கும் ஒரே பந்தி. தம்பி முந்தி உட்கார்ந்தால் அண்ணனுக்கு இலை கிடைக்காது. அதனால் ரத்தத்தில் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் குறையும். 1950களிலேயே எலி லில்லி கம்பெனி ‘சைட்டெலின்’ என்ற பெயரில் இதை விற்றது. 1995-ல் பின்லாந்துக்காரர்கள் இதன் நெருங்கிய உறவான ஸ்டனாலை மார்கரினில் கலந்து ‘பெனெகால்’ என்று கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பந்தியில் உட்கார்ந்த தம்பிக்கும் வீட்டுக்குள் இடமில்லை. குடல் செல்லில் இருக்கும் இரண்டு புரதங்கள் அதைப் பிடித்துத் திரும்ப வெளியே தள்ளிவிடும். 100-ல் 5 பங்குகூட ரத்தத்துக்குப் போவதில்லை. தப்பிப் போனதையும் ஈரல் பித்தத்தில் கலந்து கழித்துவிடும். வாயால் சாப்பிடுகிற ஆரோக்கியமானவர்களுக்கு ஈரல் கெடாததற்கு இந்தக் காவல்தான் காரணம்.

“அப்போ அவ படிச்சது பொய்யா?”

பொய்யில்லை. அது வேறு வாசல். குடல் வேலை செய்யாத பச்சைக் குழந்தைகளுக்கு, குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, உணவையே நரம்பில் ஏற்றுவார்கள். அதில் கொழுப்புக்காகப் பல காலமாகப் போய்க்கொண்டிருந்தது சோயா எண்ணெய்க் கரைசல். சோயாவோடு அதன் ஸ்டெராலும் போகும். குடல் என்ற காவல்காரன் அங்கே இல்லை. நேரே ரத்தம், நேரே ஈரல். வாரக்கணக்கில் ஏற்றிய குழந்தைகள் சிலருக்குப் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை வந்தது. பித்தம் ஓடாவிட்டால் ஸ்டெராலும் கழியாது, மேலும் சேரும். அப்படிப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் தாவர ஸ்டெரால் ஏறிக் கிடப்பதை 1993-ல் லண்டன் மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் ஒரு வகையான ஸ்டிக்மாஸ்டெரால், பித்தத்தை வெளியேற்றும் வேலையையே மந்தமாக்குகிறது என்று பிறகு எலி ஆய்வுகள் காட்டின. சோயாவின் மேல் வேறு சந்தேகங்களும் உண்டு, பழி முழுவதையும் ஸ்டெரால் தலையில் கட்டமுடியாது. ஆனாலும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மீன் எண்ணெய்க் கரைசலுக்கு மாற்றியபோது பல குழந்தைகளுக்குக் காமாலை இறங்கியது. ‘ஒமேகாவென்’ என்ற அந்த மருந்துக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி கொடுத்தது. மீன் எண்ணெயில் தாவர ஸ்டெரால் இல்லையே!

டீச்சர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “என் ஈரல் கொழுப்பை இது கரைக்குமா, அதைச் சொல்லு” என்றார்.

அதற்கு நம்பி வாங்கவேண்டாம் என்றேன். ஃபேட்டி லிவரில் படிவது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. ஸ்டெரால் கைவைப்பது கொலஸ்ட்ராலில். சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அவற்றை வைத்து மருந்து என்று விற்க எனக்கு மனசு வராது. உடம்பு எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் கொழுப்பு இறங்கும் என்பதற்கு இருக்கிற ஆதாரம் இதற்கு இல்லை. டீச்சருக்கு 74 கிலோ. கணக்கை அவரே போட்டார்: “அஞ்சே கால்லேர்ந்து ஏழரை கிலோ வரைக்கும்.”

எல்டிஎல் குறையவேண்டும் என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம். டாக்டர் எழுதிய ஸ்டாட்டினை மட்டும் இதற்காக நிறுத்தக்கூடாது.

இந்த மாத்திரை வாங்குகிறவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே முழங்கையிலோ குதிகால் நரம்பிலோ மஞ்சளாகக் கட்டி வந்ததுண்டா? அந்தக் காவல்காரப் புரதமே பழுதாகிப் பிறக்கும் சைட்டோஸ்டெரோலீமியா என்ற அபூர்வ நோய் உண்டு. அவர்கள் இதைத் தொடவே கூடாது.

“எங்க வீட்டுல கட்டி இல்லப்பா, கடன்தான்” என்றார்.

டப்பா மூடியில் மார்க்கரால் ‘சாப்பாட்டோடு’ என்று எழுதிக் கொடுத்தேன். வெறும் வயிற்றில் போட்டால் பந்தியே இருக்காது.