அழிக்கப்பட்ட எழுத்தும் அழியாத வார்த்தையும்



அந்நாளில் மறைநூல்களைப் பதப்படுத்திய தோலில் எழுதினார்கள். ஒரு நூலுக்கே பல ஆடுகளின் தோல் வேண்டும், செலவு அதிகம். ஆகவே பழைய நூல் பயன்படாமல் போனால், அதன் மையைக் கழுவிச் சுரண்டிவிட்டு, அதே தோலில் வேறொன்றை எழுதுவார்கள். ஆனாலும் பழைய மை தோலில் ஊறியிருக்கும், மங்கலாகவேனும் தெரியும்.

எகிப்து நாட்டில், பழைய கெய்ரோவில், பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. கடவுளின் திருப்பெயர் எழுதிய ஏட்டை எரிக்கவோ எறியவோ கூடாது என்பது யூதர் வழக்கம். கிழிந்துபோன ஏடுகளை அங்கே ஓர் அறையில் சேர்த்து வைத்தார்கள். அந்த அறைக்குக் கெனிசா என்று பெயர். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூத அறிஞர் சாலமோன் ஷெக்டர் 1896ஆம் ஆண்டு இறுதியில் அங்கு சென்று, ஏறக்குறைய 1,90,000 ஏட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தார்.

அவற்றுள் சில ஏடுகளில், எபிரேய எழுத்துக்கு அடியில் கிரேக்க எழுத்து தெரிந்தது. படித்துப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அரசர் நூல்களின் பகுதிகள் இருந்தன. இயேசு சிலுவையில் வேண்டிய 22ஆம் திருப்பாடலின் ஒரு பகுதி இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டுப் பகுதிகளும் இருந்தன: திருத்தூதர் பணிகளில் பவுல் செசரியாவில் காவலில் இருந்த பகுதி, பேதுருவின் முதல் திருமுகத்தில் இரண்டாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி.

அந்தத் திருமுகப் பகுதி என்ன சொல்கிறது? பழிக்கப்பட்டபோது கிறிஸ்து திருப்பிப் பழிக்கவில்லை. அவருடைய காயங்களால் நாம் நலம் பெற்றோம் என்கிறது.

எண்ணிப் பாருங்கள். பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களாகிய நாம் யூதர்களைப் பழித்தோம். கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்று தூற்றினோம். அதே காலத்தில், பழிக்குப் பழி வேண்டாம் என்னும் நம் திருத்தூதரின் சொற்கள் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் அறையில் காக்கப்பட்டிருந்தன. மேலே இருந்த எபிரேய எழுத்துக்காகத்தான் அவர்கள் அதைக் காத்தார்கள். ஆனால் அவர்களுடைய இறையச்சம் நம் வார்த்தைக்கும் அடைக்கலமானது.

கிறிஸ்துவின் மரணத்துக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும், இன்றைய யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. ஆனாலும் பழைய பழிச்சொல் நம் பேச்சில் இன்னும் எட்டிப்பார்க்கிறது அல்லவா? சுரண்டி எடுக்க வேண்டியது அந்த எழுத்தைத்தான்.

பெரிய வெள்ளியன்று யூத மக்களுக்காக நாம் மன்றாடுகிறோம். அடுத்த முறை முழந்தாளிடும்போது, கெய்ரோவின் அந்த அறையை நினைத்துக்கொள்வோம். நம்மைச் சாராதவர்களின் கைகளிலும் தம் வார்த்தையைக் காக்கும் இறைவன், நம் நாவையும் காப்பாராக.