உங்களுக்குத் தெரியுமா? ஊசியைக் கண்டால் மயக்கம் ஏன்?
பாம்பு, உயரம், இருட்டு என எதைக் கண்டு மிரண்டாலும் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் வருவது அரிது. ரத்தத்துக்கும் ஊசிக்கும் அஞ்சுவோர் பலரின் உடல் வேறு கணக்குப் போடுகிறது: முதலில் ஏறும் அழுத்தம் சட்டென்று சரிகிறது, மூளைக்கு ரத்தம் குறைகிறது, ஆள் சாய்கிறார். ‘மனத்திடம் இல்லை, அவ்வளவுதான்’ என்பார்கள். அது மட்டுமே காரணமென்றால், தசையை இறுக்கினால் மயக்கம் எப்படி விலகும்? 1980களில் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் வகுத்த முறை அதுதான்: கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி, முகம் சூடேறும்வரை இறுக்கி, இயல்புக்கு விட்டு, மறுபடி இறுக்குவது. பயம் தீர, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளவும் வேண்டும்தான். ஆனால் ‘உடம்பைத் தளர விடு’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே மயக்கத்துக்கே துணைபோகும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.