ஒரு சொல்லின் திருத்தம்

1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரித்தவை 48 நாடுகள், எதிர்த்தது ஒன்றுமில்லை, சோவியத் ஒன்றியம், தென்னாப்பிரிக்கா, சவுதி அரேபியா உள்ளிட்ட 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஓர் அரசு தன் குடிகளை எவ்வாறு நடத்தினும் பிறர் வினவலாகாது என்னும் பழங்கொள்கை எத்தகைய கொடுமைக்கு இடந்தரும் என்பதை ஹிட்லரின் ஜெர்மனி அதற்குமுன் காட்டியிருந்தது.

இப்பிரகடனத்தில் பாரதப் பெண்மணி ஒருவரின் கைவண்ணம் உண்டென்பதை நம்மவரிற் பலர் அறியார். சூரத்திற் பிறந்த ஹன்ஸா மேத்தா அவர்கள், எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் தலைமை தாங்கிய மனித உரிமைக் குழுவில் இந்தியப் பிரதிநிதியாக வீற்றிருந்தார். முதல் விதியின் வரைவில் 'மென்' என்ற ஆங்கிலச் சொல் நின்றது. அது பெண்டிரையும் அடக்கும் என்பது ரூஸ்வெல்ட் அம்மையாரின் எண்ணம். மேத்தா இசையவில்லை, ஆடவர்க்கு மட்டுமே உரிமை என்று பொருள்கொள்ள அச்சொல் இடந்தரும் என அஞ்சினார். இறுதியில் 'மனிதப் பிறவிகள்' எனப் பொருள்படும் தொடரே நிலைத்தது. 'மனிதர்' என்றாலே இருபாலாரையும் குறிக்கும் நம் தமிழில் இவ்வழக்கே எழுந்திராது!

பிரகடனம் சட்டமன்று, நாடுகளைக் கட்டுப்படுத்தும் இரு உடன்படிக்கைகள் 1966-இல் தோன்றின. அவற்றை இந்தியா 1979-இல் ஏற்றது.

ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு 13-ஆம் விதியே மிக நெருக்கமானது எனக் கருதுகிறோம். நாட்டின் எப்பகுதியிலும் சென்று குடியிருக்கும் உரிமையை அது கூறுகிறது. அயலூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த அன்பர்கள் அதன் அருமையை அறிவர். நம் அரசியலமைப்பின் 19-ஆம் விதியும் அவ்வுரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. அதனை வகுத்த அரசியல் நிர்ணய சபையிலும் மேத்தா ஓர் உறுப்பினர்.