நெகட்டிவைப் படிக்கக் கற்போம்

நம் வீட்டுப் பரண்களில் உள்ள பழைய பிஸ்கட் டப்பாக்களில், மங்கிய தாளுறைகளுக்குள் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் கிடப்பதுண்டு. "கறுத்துப் போயிற்று, இனி எதற்கு?" என்று பலர் அவற்றைக் குப்பையில் போட்டுவிடுகின்றனர். பாட்டியின் திருமணப் படம் கரையானுக்கு இரையாகியிருந்தால், அதன் நெகட்டிவ் ஒன்றே மிச்சம். ஆகவே, எறியுமுன் அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். ஒளி பட்ட இடத்தில் வெள்ளி படிந்து கறுக்கும். நிழலான இடம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். வெள்ளைச் சேலை கறுப்பாகவும், கருங்கூந்தல் தெளிவாகவும் தெரியும். கேமராவில் எவ்வளவு ஒளி விட்டார்கள், டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்னும் இரண்டு செய்திகள் அதில் உள்ளன. முன்னதை நிழல் பகுதிகள் சொல்லும். பின்னதை வெளிச்சப் பகுதிகள் சொல்லும்.

இது எப்படி? டெவலப்பரில் நிழல் பகுதிகள் சீக்கிரமே வேலையை முடித்துக்கொள்கின்றன. வெளிச்சப் பகுதிகளோ நேரம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போகும். ஆகையால் கூந்தலும் புருவமும் வெறும் தெளிவாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தால் கேமராவில் ஒளி போதவில்லை என்று பொருள். அங்கே படமே பதியவில்லை. எந்த இயந்திரமும் அதை மீட்காது.

நம் வயல்வெளியில் இந்தக் குறை அடிக்கடி நேரும். நாற்று நடும் பெண்களுக்கு மேலே கொளுத்தும் வெயில், கீழே தண்ணீரில் தெறிக்கும் ஒளி. குனிந்த முகமோ நிழலில். 125 வேகமுள்ள சுருளுக்கு வெயிலில் எஃப் 16, நொடியில் 125-இல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அந்த முகத்துக்கு அது போதாது. ஓரிரு படி கூடுதலாகத் திறக்க வேண்டும்.

வெளிச்சப் பகுதிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. செய்தித்தாளின் மேல் நெகட்டிவை வைத்து, மிகக் கறுத்த இடத்தின் வழியே பாருங்கள். எழுத்துகளை அரும்பாடுபட்டுப் படிக்க முடிந்தால் சரியான பதம். ஒன்றுமே தெரியாவிட்டால் டெவலப் மிகுந்துவிட்டது. மொத்தமும் வெளிறியிருந்தால் ஓரத்தைப் பாருங்கள். அங்குள்ள பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை; கேமராவுக்கு அதில் பங்கில்லை. அவை நன்கு கறுத்திருந்தால் குற்றம் கேமராவுடையது. அவையும் வெளிறியிருந்தால் இருட்டறையுடையது. (என் பார்வையில், சோதனைகளில் இதுவே மிக அழகானது.)

தஞ்சையில் இருட்டறைக்காரருக்குப் பெரிய தொல்லை தண்ணீரின் சூடு. 20 டிகிரியில் 8 நிமிடம் வேண்டிய சுருளுக்கு 24 டிகிரியில் சுமார் ஐந்தரை நிமிடம் போதும். சித்திரைக் குழாய்த் தண்ணீரோ 30-ஐத் தொடும்! கடிகாரத்தை மட்டும் நம்பினால் நெகட்டிவ் தார்போல் கறுக்கும். ஜெலட்டின் பூச்சும் இளகும். மண்பானைத் தண்ணீரும் ஐஸ் கட்டியும்தான் துணை.

இத்தனை வசதிகூட இல்லாத காலத்தில், 1858-இல், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சையையும் திருவையாற்றையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். அக்காலப் பூச்சு நீல ஒளிக்கே மிகுதியாக மயங்கும்; வானம் நெகட்டிவில் அளவுக்கு மீறிக் கறுத்து, படத்தில் வெறும் வெள்ளையாகும். அவர் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டி இணைத்தார். ஒன்று வெளிறி மற்றொன்று கறுத்திருந்தால் அந்த இணைப்பு எப்படி இருந்திருக்கும்!

மீண்டும் நம் டப்பாவுக்கு வருவோம். வெளிறியதைவிடக் கறுத்த நெகட்டிவுக்கே நம்பிக்கை அதிகம். அதனுள் முகம் இருக்கிறது, ஸ்கேனரில் ஒளியைக் கூட்டினால் பெரும்பாலும் வெளிப்படும். ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடிக்காதபடி புதிய தாளுறையில் இட்டு, உலர்ந்த அலமாரியில் வைத்து, உறைமேல் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். அந்த முகங்கள் யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.