கன்னத்தில் படரும் மங்கு

இனயத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா கடற்கரையில் மீன் எடுத்துக் கடவத்தில் சுமந்து விற்பவர். அம்மாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு. தலைமேல் கடவம் இருக்கும்போது முகத்தில் வெயில் எப்படிப் படும் என்று மகள் கேட்கிறார்.

அருமையான கேள்வி. கடவம் உச்சி வெயிலைத்தான் மறைக்கும். காய்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கையும், அலைநுரை 25 பங்கையும் திருப்பி அனுப்புகின்றன. அது கீழிருந்து நேரே கன்னத்தில் ஏறுகிறது. கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, குடும்பவாகு என்று மங்குக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எது தொடங்கிவைத்தாலும் வெயில் அதைக் கூட்டும்.

தோல் கறுப்பது மெலனினால் என்பது தெரிந்ததே. அந்த மெலனின் போய் உட்காரும் இடம்தான் எனக்குத் தீராத வியப்பு. மேல்தோலின் அடிவரிசையில் உள்ள நிறச்செல்கள் மெலனினை நுண்ணிய மணிகளாகச் செய்து, கிளைத்து நீளும் கைகளால் அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. வாங்கிய செல் அவற்றைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. மரபணு இருக்கும் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் குவித்துக்கொள்கிறது. கருவாடு காயப்போடும்போது என் சித்தி முந்தானையை வெயில் அடிக்கிற பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்வாள், அதே வேலைதான். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நிறச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. மணிகளின் அளவும் எண்ணிக்கையும்தான் வேறு. மங்கு படர்ந்த இடத்தில் இந்தச் செல்கள் அளவுக்கு மீறி உழைக்கின்றன. சிலருக்கு மணிகள் அடித்தோலுக்குள்ளும் இறங்கிவிடும். அப்படி இறங்கியது எளிதில் மறையாது.

காவல் காக்க வந்த நிறத்தை அழுக்குபோல் தேய்த்து எடுக்கப் பார்க்கிறோமே என்று எனக்கு வருத்தம். அதைவிட வருத்தம், கடிதத்தின் கடைசி வரி: அம்மா பல மாதமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பைப் பூசுகிறாராம். இப்படிக் கைமாறும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் வெளுக்கும். நாள்பட்டால் தோல் மெலியும், சிவக்கும், முடி வளரும். நிறுத்தினால் மங்கு திரும்பும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று ஆணையிட்டது. பக்கத்துக் கேரளத்தில், மலப்புரத்தில், 2023இல் சிறுநீரகம் பழுதாகி வந்த சிலருக்குப் பாதரசம் கலந்த சிவப்பழகுக் கிரீமே காரணமென்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

அம்மாவை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், மகளே. போகும்போது அந்தக் களிம்புக் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் என்ன இருக்கிறதென்று அவர் முதலில் பார்க்க வேண்டும்.